நாலாவது சீசனில்தான் கப்பல் கிளம்பியது

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த விண்வெளி டிவி தொடர் என்டர்பிரைஸ். அது 2001-இல் தொடங்கியபோது பெயரில் ‘ஸ்டார் ட்ரெக்’கே கிடையாது. மூன்றாம் சீசனில்தான் ஒட்டவைத்தார்கள். கதை நடப்பது முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்குக்கு நூறு வருடம் முன்னால். வல்கன்கள், ஆண்டோரியன்கள் என்ற இரண்டு வேற்றுக்கிரக இனங்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத காலம். இவர்கள் எப்படி மனிதர்களோடு ஒரே கிரகக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள் என்பதைத்தான் இந்தத் தொடர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு சீசனிலும் வாராவாரம் ஒரு கிரகம், ஒரு சிக்கல். எந்தக் கப்பலில் வைத்தாலும் ஓடக்கூடிய கதைகள். மூன்றாவதில் ஜிண்டி என்ற வேற்றுக்கிரகத்தவர் பூமியைத் தாக்குவது என்று ஒரே நீளக் கதை. விறுவிறுப்பு வந்தது, அவ்வளவுதான்.

2004-இல், நாலாவது சீசனுக்கு, மேனி கோட்டோ தொடரின் பொறுப்பேற்றார். பட்ஜெட்டைக் குறைத்திருந்தார்கள். அவரோ ஒரு கதையை இரண்டு, மூன்று எபிசோடுக்கு விரித்து, நேராகக் கூட்டமைப்பின் வேர்களுக்கே போனார்.

‘யுனைட்டட்’ எபிசோடைப் பாருங்கள். ஆண்டோரியத் தளபதி ஷ்ரானின் காதலியை, டெல்லரைட் என்ற இன்னொரு வேற்றுக்கிரக இனத்தவன் கொன்றுவிடுகிறான். ஷ்ரான் அவனை மரணச் சண்டைக்கு அழைக்கிறான். யார் செத்தாலும் இரண்டு இனத்துக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். அதனால் டெல்லரைட்டுக்குப் பதிலாக என்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் ஆர்ச்சரே களத்தில் இறங்குகிறார். இருவரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கையில் பனி வெட்டும் கருவி. கடைசியில் ஆர்ச்சர் வெட்டுவது ஷ்ரானின் தலையிலிருக்கும் உணர்கொம்பை. மானமும் போகவில்லை, உயிரும் போகவில்லை. கொம்பு மறுபடி முளைத்துவிடும். ராஜதந்திரம் என்றால் இதுதானே! ஷ்ரானாக நடித்த ஜெஃப்ரி கூம்ப்ஸுக்கு முகமெல்லாம் நீலச் சாயம், ஆனாலும் கோபமும் துக்கமும் கண்ணில் தெரியும்.

அப்புறம் ‘டெர்ரா பிரைம்’ எபிசோடு. வேற்றுக்கிரகத்தவரை பூமியைவிட்டு விரட்டத் துடிக்கும் பாக்ஸ்டன், தன் நோய்க்கு ரகசியமாக எடுத்துக்கொள்வது வேற்றுக்கிரக வைத்தியம்! இந்த மாதிரி ஆட்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

தொடர் சூடுபிடித்த நேரத்தில், 2005 பிப்ரவரியில், நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மே 13-இல் வந்த கடைசி எபிசோடு இன்னும் கொடுமை: பழைய ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றின் பாத்திரமான ரைக்கர், ஹோலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் ஓட்டிப் பார்க்கும் காட்சிகளாக முடித்துவிட்டார்கள். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த மாதிரி. நான் டெர்ரா பிரைமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தீம் பாட்டும் எனக்கு ஆகாது, எப்போதும் தாண்டி ஓட்டிவிடுவேன். ‘இன் எ மிரர், டார்க்லி’ எபிசோடில் மட்டும் அந்தப் பாட்டுக்குப் பதில் போர்க் காட்சிகளும் முரட்டு இசையும் வரும். அதை இரண்டு தடவை போட்டுப் பார்ப்பதுண்டு.