எம்மாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே தூரம்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 12 கிலோமீட்டர். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு லூக்கா நற்செய்தி சொல்லும் தூரம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். வேளாங்கண்ணிப் பாதயாத்திரையின் கடைசி நாளில் நாகையைத் தாண்டுகிறவர்கள் ஒரு எம்மாவு வழியைத்தான் நடந்து முடிக்கிறார்கள். இயேசு சிலுவையில் இறந்த மூன்றாம் நாள் எம்மாவுக்கு நடந்த இரண்டு சீடர்கள், வழியில் சேர்ந்துகொண்டவர் இயேசுதான் என்று தெரியாமலே அவரிடம் என்ன சொன்னார்கள்? இஸ்ரயேலை மீட்கப்போகிறவர் இயேசுதான் என்று எதிர்பார்த்திருந்தோம் என்றார்கள். 'எதிர்பார்த்திருந்தோம்'. அந்த வினைச்சொல்லிலேயே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. கடன், பிள்ளையில்லாத வருத்தம், தீராத நோய், வீட்டில் விழுந்த சாவு என்று எதையோ தூக்கிக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி நடக்கிறவர்களில் பலர் வாயிலும் அதே வினைதான் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் 'hope' என்பதற்கு நல்ல ஒரு சொல்லைப் பழக்கப்படுத்தியிருக்கிறது: எதிர்நோக்கு. பழைய வேதாகமத்தில் 'நம்பிக்கை' என்று வாசித்து வளர்ந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் இடறும். கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தலைப்பு வந்த பிறகு பங்குகளில் எல்லார் வாயிலும் புழங்கிவிட்டது. பேருந்து வருகிற திசையைப் பார்த்து நிற்கிறவனிடம் இருப்பது அதுதான். வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. ஆனாலும் அவன் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. துன்பம் மனவுறுதியையும், மனவுறுதி தகைமையையும், தகைமை எதிர்நோக்கையும் தரும் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். படி படியாகத்தான் வரும் என்கிறார். நடந்து போகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டால் மொத்தம் சுமார் 95 கிலோமீட்டர். அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம் வரை 30 சொச்சம் ஒரு நாள். கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர் மறுநாள். கீழ்வேளூர், சிக்கல் கடந்து நாகை மூன்றாம் நாள். நான்காம் நாள் அந்த 12 கிலோமீட்டர். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெரிய தேர் செப்டம்பர் 7 இரவு, மாதா பிறந்த நாள் விழா 8. கொடியேற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் 25 அன்று கிளம்பினால் ஒரு நாள் கையிருப்பு இருக்கும். அந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிற குழுக்கள்தான் மூன்றாம் நாள் மதிய வெயிலில் நடந்து ஆட்களை ஆட்டோவில் ஏற்றுகின்றன.

விடிகாலை 3.30க்குக் கிளம்பி 9 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். பிறகு சாயங்காலம் 4 முதல் 8 வரை. இந்தியச் சாலையில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால் நடப்பவர் வலப்பக்கம் போனால்தான் எதிரே வருவது தெரியும். மாதா சொரூபம் வைத்த சிறு வண்டி இடப்பக்கம் போகிறது, கூட்டமும் அதை ஒட்டியே போகிறது. விபத்துக்கு இது ஒரு காரணம். வண்டிக்குப் பின்னால் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டிய இருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வலப்பக்கம் மாறிவிடுவது நல்லது. பாட்டுப் பெட்டிச் சத்தத்தில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது என்பதையும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெபமாலை இந்த வழியில் ஓர் அளவுகோலும் ஆகிவிடும். நிதானமான நடையில் மாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி முடிய நான்கு நிமிடம், அதற்குள் சுமார் 300 மீட்டர். ஐந்து பத்தும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடிவிடும். நாள் முழுக்க மாலையாகவே சொல்லித் தீர்க்கலாம் என்று முதல் நாள் காலையில் தோன்றும். மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடும். இருட்டில் இரண்டு, காலை வெயில் ஏறும்போது ஒன்று, சாயங்காலம் இரண்டு, மீதி நேரம் மௌனம் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். 25 பேருக்கு மேல் ஒரே வரிசையில் சொல்ல வேண்டாம். முன்னால் இருப்பவர் 'அருள் நிறைந்த மரியே' முடிக்கும்போது கடைசி ஆள் பாதியில் இருப்பார். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு வேகத்தில் கலைந்துபோகும்.

ஜெபமாலையில் கிழமை முறைப்படி செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள்கள், அதாவது இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்வது. துக்கத்தோடு வந்தவர்களில் சிலர் எல்லா நாளும் அதையே சொல்கிறார்கள், குழுத் தலைவர்கள் திருத்தப் போகிறார்கள். விட்டுவிடலாம். கெத்சமனியில் இயேசுவே அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாம் முறையும் செபித்தார் என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார்.

இனி கால். இந்த யாத்திரையில் விசுவாசம் சோதிக்கப்படுகிற முதல் இடம் பாதம்தான். கொப்புளம் வெயிலால் மட்டும் வருவதில்லை. ஈரத்தில் ஊறிய தோல், அதன்மேல் உரசல், அடியில் தார்ச்சாலைச் சூடு, மூன்றும் சேரும்போது வருகிறது. டெல்டாவில் அந்த மாதம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். குளித்துவிட்டு ஈரக் காலோடு உடனே நடப்பார்கள், அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் குதிகால் ஓரம் எரியும். எரிச்சல் தொடங்கியதுமே நின்று, துடைத்து, காயவைத்து, அந்த இடத்தில் சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளமே வராது. 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று தள்ளிப் போடுவதுதான் தவறு.

வந்துவிட்டால், சின்னதை உடைக்காமல் மூடி வைக்க வேண்டும். அழுத்தித் தாங்க முடியாத பெரியதை மட்டும், சோப்பால் கை கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வடியவிடலாம். மேல்தோலை உரித்துவிடக் கூடாது, கீழே உள்ள பச்சைத் தோலுக்கு அதுதான் மூடி. வெறுங்காலோடு நடப்பதாகப் பொருத்தனை செய்தவர்கள் இருட்டிலும் விடியலிலும் அப்படி நடந்து, தார் சூடேறியதும் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் எந்த நேரத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. தொடை உரசலுக்குப் புறப்படும் முன்பே வாசலைன் தடவ வேண்டும், புண்ணான பிறகு தடவினால் எரியும். தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும். 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், குவிக்காமல் தட்டி அளந்து, கலந்து வைத்துக்கொண்டால் போதும். கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் அரை லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டாதீர்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆரோக்கிய மாதாவிடம் போகும்போது மருந்தா என்பார்கள். மருத்துவரை மதி, ஆண்டவரே அவரைப் படைத்தார் என்று விவிலியத்தின் சீராக் நூல் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. காவித் துணிப் பைக்குள் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும்.

என்ன கேட்டுக்கொண்டு நடப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பத்து வேண்டுதல், உறவினர் சொல்லியனுப்பிய இருபது, எல்லாம் கலந்து கடைசியில் பீடத்தின் முன் நிற்கும்போது ஒன்றும் வாயில் வராது. விவிலியத்தின் 13ஆம் திருப்பாடல் (சங்கீதம்) இதற்கு நல்ல அச்சு. மொத்தமே 6 வசனம். முதல் இரண்டும் முறையீடு, 'எத்தனை நாள் ஆண்டவரே' என்று நான்கு தடவை. அடுத்த இரண்டும் கேட்பது. கடைசி இரண்டும் உம் பேரன்பில் நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்பது. புறப்படும் முன் ஒரு தாளில் உங்கள் வார்த்தையில் இப்படியே ஆறு வரி எழுதிவிடுங்கள். முதல் இரண்டு வரியைப் பக்திக்காக மழுப்ப வேண்டாம். வேலை போய் எட்டு மாதம் என்றால் எட்டு மாதம் என்றே எழுதுங்கள். கடைசி இரண்டு வரி வரவில்லையென்றால் காலியாக விடுங்கள். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதையும் செப நூலிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. வழியில் எப்போதாவது எழுதத் தோன்றும்.

120 முதல் 134 வரை உள்ள 15 திருப்பாடல்களும் எருசலேமுக்கு ஏறிப்போனவர்களின் வழிநடைப் பாட்டு. நாளுக்கு நான்கு என்று பிரித்தால் நான்கு நாளில் ஒரு சுற்று வந்துவிடும். 130ஐ மட்டும் விடியலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்குக் காத்திருக்கும் காவலரைவிட என் நெஞ்சம் காத்திருக்கிறது என்று அதில் ஒரே வரி இரண்டு முறை வரும். நீடாமங்கலத்துக்கு அப்பால் இரு பக்கமும் வயல், தூரத்தில் ஒரே ஒரு பம்புசெட் விளக்கு, 4.30 மணி. எதற்கு இரண்டு முறை என்பது அங்கே புரியும்.

துக்கத்தில் இருப்பவரோடு நடக்கிறவர்களுக்கு ஒன்று. 'மாதா கட்டாயம் தருவாள், என் மச்சினிக்குத் தந்தாள்' என்று ஆரம்பிக்க வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள்.

வேளாங்கண்ணி பற்றி வழிவழியாக வருகிற மூன்று நிகழ்ச்சிகளும் நெருக்கடியில்தான் நடக்கின்றன. குளக்கரையில் காட்சி தந்த மாதாவின் குழந்தைக்குப் பாலைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் என்ன சொல்வது என்று பயந்துபோன இடையச் சிறுவன், நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள். மாலுமிகள் கரை சேர்ந்ததும் மாதா பிறந்த நாளான செப்டம்பர் 8 அன்றுதான் என்பார்கள். அவர்கள் பிறகு கொண்டுவந்து பதித்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் உண்டு. வரிசை நெருக்குவதால் பெரும்பாலானோர் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். 1962இல் பசிலிக்கா ஆன பேராலயத்தில் விழா நாட்களில் வரிசை மணிக்கணக்கில் நீளும். நடந்து வந்த அன்றே நிற்காமல், முதலில் பாவசங்கீர்த்தனம், தூக்கம், மறுநாள் விடிகாலைத் திருப்பலி என்று வைத்துக்கொண்டால் மனசும் உடம்பும் ஒரே இடத்தில் இருக்கும்.

மாதா குளம் நோக்கிய மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் தொடங்கிவிட வேண்டும். துணி சுற்றினால் மடிப்பில்லாமல் சுற்றுங்கள். மடிப்புக்குள் மணல் புகுந்தால் அதுவே தோலை அறுக்கும். முட்டி அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதே பாதையைச் சிலுவைப் பாதை சொல்லி நடந்து போகலாம். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், நடந்து ஓய்ந்த கால் அலையில் நிற்காது.

காணிக்கைக் கடைகளில் மெல்லிய தகட்டில் அடித்த கால், கை, கண், வீடு, தொட்டில் தொங்கும். உள்ளங்கையைவிடச் சின்னதான தொட்டில், நான்கு கம்பி, நடுவில் புள்ளியாக ஒரு குழந்தை. வாங்குகிறவர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தால் ஒன்று தெரியும். வேண்டுதல் நிறைவேறி வாங்குகிறவர்களும் வேண்டிக்கொள்ளவே வாங்குகிறவர்களும் ஒரே தட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். நிறைவேறியவை காணிக்கை அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கின்றன. நிறைவேறாதவற்றுக்கு அங்கே அலமாரி இல்லை. ஆனால் ஊர் அதை மறக்கவும் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் சுனாமியில் போனார்கள். அவர்களும் வேண்டிக்கொள்ள வந்தவர்கள்தான். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத் தூணில் மெழுகுதிரி எரிகிறது. பேராலயத்துக்கு வருகிறவர்கள் அங்கேயும் ஐந்து நிமிடம் நிற்கலாம். கேட்டது கிடைக்கும் என்ற உறுதியை மட்டும் நம்பி வந்தவர்கள் அங்கே நிற்கக் கஷ்டப்படுவார்கள். நிற்க முடிந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் தாக்குப்பிடிக்கிறார்கள்.

எம்மாவு சீடர்கள், அப்பம் பிட்கப்பட்டபோது இயேசுவை அடையாளம் கண்டதும், அந்த இரவே அதே 11 கிலோமீட்டரைத் திரும்பி நடந்தார்கள். நம்மவர்கள் பேருந்தில் திரும்புகிறார்கள், நான்கு நாள் நடந்த வழி மூன்று மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடும். வீட்டில் அதே கடன்காரர், அதே ஸ்கேன் அறிக்கை. எதிர்நோக்கு அறுந்துபோவது வழியில் அல்ல, இந்த வாரத்தில்தான். மாலையைக் கழற்றிய அன்றே ஆணியில் மாட்டி மறந்துவிடாமல் ஒரு வாரம் தலையணை ஓரம் வைத்துக்கொள்ளுங்கள். 3.30க்கு உடம்பு தானாகவே விழிக்கும். அந்தப் பழக்கம் கலையும் முன் 130ஆம் திருப்பாடலை அதே நேரத்தில் சொல்லுங்கள். ஆறு வரித் தாளை எடுத்துக் காலியாக விட்ட வரிகளைப் பாருங்கள்.

விழா முடிந்து சரியாக ஏழாம் நாள், செப்டம்பர் 15, வியாகுல அன்னை நினைவு. ஊர்ப் பங்கில் அன்றைய பூசைக்குக் கூட்டம் இருக்காது. ஏழு துயரங்களுக்கும் ஏழேழு அருள் நிறைந்த மந்திரமாக 49 சொல்கிற வியாகுல மாலையை அன்று தொடங்கலாம், ஜெபமாலையைவிடச் சின்னது. ஏழாவது துயரம் கல்லறை. வாசலைக் கல்லால் மூடியிருக்கிறது, உயிர்ப்பு ஞாயிறு வரவில்லை, இன்னும் சனிக்கிழமை. மாலை அங்கேதான் முடிகிறது.