தந்திச் சட்டமும் 37 தென்னைகளும்

உயர் அழுத்த மின்பாதைக்கு அனுமதி வாங்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கித் தரும் ஆள் போலிருக்கிறது என்றே பலரும் எண்ணிக்கொள்வார்கள். நான் செய்ததோ வேறு வேலை. பிறருடைய வயலின் மேல் 400 கிலோவோல்ட் கம்பி போவதற்கு யார் யார் சம்மதிக்க வேண்டுமோ அவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்ப்பதுதான் அது. அந்தக் கோப்பில் நிலத்துக்காரர் கையெழுத்திட இடமே கிடையாது என்பதை, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில்தான் கவனித்தேன்.

மற்ற கையெழுத்துகளுக்குக் குறைவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆவது பிரிவின்கீழ் அரசின் முன் ஒப்புதல் வேண்டும். பாதை செல்லும் கிராமங்களின் பெயர்களை நாளிதழ்களில் வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் விட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்க ரயில்வே, சாலையைக் கடக்க நெடுஞ்சாலைத் துறை, தொலைபேசிக் கம்பிகளில் மின்தூண்டல் ஏறாது என்று சான்றளிக்க ஓர் ஒருங்கிணைப்புக் குழு என்று தனித்தனி வரைபடத்தோடு விண்ணப்பங்கள் போகும். காட்டுக்குள் நுழைந்தால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு ஒப்புதல்கள். வன விண்ணப்பத்தில் மூன்று மாற்றுப் பாதைகளைக் காட்ட வேண்டும். அவற்றில் இரண்டு, தள்ளுபடி ஆவதற்கென்றே நாங்கள் வரைந்தவையாக இருந்ததுண்டு என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் தாமதமாகும், ஆனால் கிடைத்துவிடும்.

விவசாயியின் சம்மதம் தேவைப்படாததற்குக் காரணம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். மின்சாரச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, தந்திக் கம்பம் நடுவதற்கு அந்தப் பழைய சட்டம் கொடுத்திருந்த அதிகாரத்தை மின்பாதை போடுபவருக்கும் வழங்க இடம் தருகிறது. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா மாறுவதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டும் எங்களுக்கு வருகிறது, விளைந்த சேதத்துக்கு இழப்பீடு கொடுத்தால் போதும். யாராவது மறித்தால், தந்திச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் போய் நுழைவதற்கு ஆணை வாங்கலாம்.

2016 கோடையில் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் எண் போட்டுக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்காரர், எழுபதை நெருங்கியவர், நான் கொடுத்த அறிவிப்பைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "தந்தி ஆபீசையே மூடி மூணு வருசமாச்சுங்களே சார், அந்தச் சட்டத்த மட்டும் மூடலீங்களா?" என்றார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனதை நானும் செய்தியில்தான் படித்திருந்தேன். சட்டத்தின் பிரிவு எண்களைச் சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல என்று எனக்கும் தெரிந்தது.

பாதையை ஒரு 40 மீட்டர் தள்ளி ஓடைப் புறம்போக்கில் கொண்டுபோகக் கூடாதா என்று அடுத்துக் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான், நியாயமும்கூட. ஆனால் நேர்கோட்டில் நிற்கும் சாதாரண மின்கோபுரம் 2 பாகைக்கு மேல் வளைவு தாங்காது. அதற்கு மேல் திரும்பினால் கனமான கோணக் கோபுரம் வேண்டும், திரும்பிய பாதை பழைய கோட்டுக்கு வருவதற்கு இன்னும் சில வேண்டும். வரைபடத்தை மண்ணில் விரித்து, அப்படித் திருப்பினால் கோபுரக் கால் எங்கே விழும் என்று காட்டினேன். அது அவருடைய அண்ணன் மகன் நிலம். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அவனுக்குக் கெணறே அங்கதானுங்க இருக்குது" என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பாதையை மாற்றச் சொல்லவே இல்லை.

பணத்துக்கு வந்தபோதுதான் பேச்சு முறிந்தது. கோபுரம் பிடிக்கும் இடம் மூன்று நான்கு சென்ட்தான். உண்மையான இழப்பு கம்பிக்குக் கீழே இருக்கிறது. 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் என்றால் கிலோமீட்டருக்குப் பதினொரு ஏக்கருக்கு மேல் வரும். அதில் கடலை போடலாம், மக்காச்சோளம் போடலாம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. 2015 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் தந்த வழிகாட்டுதல், கோபுர இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும் கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்றது. நில மதிப்பு என்பது அரசு வழிகாட்டி மதிப்பு. அந்த ஊரில் அந்த விலைக்கு யாரும் ஒரு சென்ட்கூட விற்றதில்லை. 2024 ஜூனில் அந்த விகிதங்கள் 200 விழுக்காடு, 30 விழுக்காடு என்று உயர்ந்தன. எட்டு ஆண்டுகள் முன்பே அந்தத் தாள் என் பையில் இருந்திருந்தால், நான் அலைந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஆட்சியர் இரு தரப்பையும் விசாரித்து ஆணை பிறப்பித்தார். காவலர்களோடு மரம் அறுக்கப் போனோம். எங்கள் பட்டியலில் 36 தென்னைகள் இருந்தன. பெரியவர் 37 என்றார். கிணற்றோரம் வரப்பில் நின்ற ஒன்றுக்கு எண் போட விட்டுப்போயிருந்தது, தவறு எங்களுடையதுதான். சேர்த்து எழுதினேன். அறுத்த மரங்களுக்கு மகஜர், அதாவது அந்த இடத்திலேயே எழுதும் பதிவு, எழுதி அவரிடம் நீட்டியபோது, கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபத்துடன்" என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அந்தக் கோப்பு முழுவதிலும் அவருடைய கையெழுத்து இருக்கும் ஒரே தாள் அதுதான்.

2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியபோதும், அதன் மூன்றாம் பாகத்தை மின்பாதைகளுக்காக மட்டும் விட்டுவைத்தது. பெரியவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன், போய்ச் சொல்லவில்லை. அவர் இழப்பீடு போதாதென்று 16ஆவது பிரிவிலேயே மாவட்ட நீதிமன்றம் போயிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்றபோது, இந்த மகஜரில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று என்னிடம் கேட்டார்கள். அவருடையது என்றேன். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்றார் அவருடைய வழக்கறிஞர். படித்துக் காட்டினேன்.