மாத்திரையை ஏன் நிறுத்தினார்?

ரத்தப் புற்றுநோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிவது என் வேலை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவு புதிதல்ல. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்தே மாநகரப் பதிவேட்டை நடத்துகிறது. இங்கே எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று அது சொல்லும். எங்கள் மருத்துவமனையின் தரவுத்தளம் வேறு விஷயத்தைத் துரத்துகிறது: சிகிச்சை தொடங்கியபின் அந்த ஒரு ஆளுக்கு என்ன ஆயிற்று?

என் மேசைக்கு அதிகம் வருபவை சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயின் ஃபைல்கள். 2001-இல் இமாட்டினிப் என்ற மருந்து வந்தபின் இந்த நோயாளிகள் பல்லாண்டு வாழ்கிறார்கள். ஃபைலும் தடித்துக்கொண்டே போகிறது. வழக்கமாகத் தினம் 400 மி.கி. மாத்திரை, மூன்று மாதத்துக்கொருமுறை, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை. மூன்றாம் மாதம், இந்த நோயின் அடையாளமான BCR-ABL மரபணுவின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. இந்த எண்களைப் பதிவது சுலபம்.

பெயர்தான் பாடாய்ப் படுத்தும். திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், அப்புறம் கணவருடையது. காப்பீட்டு அட்டையில் ஒன்று, லேப் ரிப்போர்ட்டில் இன்னொன்று. போன் நம்பர் மகனுடையதாக இருக்கும். அதனால் பெயரை மட்டும் நம்பி இரண்டு பதிவுகளை நான் ஒன்றாக்குவதே இல்லை. மருத்துவமனை எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பொருந்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான கட்டம், 'மருந்தை நிறுத்திய காரணம்'. பல ஃபைல்களில் 'நிறுத்தப்பட்டது' என்று மட்டும் இருக்கும். தண்டையார்பேட்டை அம்மா ஒருவருடைய ஃபைலும் அப்படித்தான். கடைசி பி.சி.ஆர். அளவு ஏறியிருந்தது. ஃபைலை மட்டும் பார்த்தால், மருந்து வேலை செய்யவில்லை என்றே யாரும் நினைப்பார்கள். போன் செய்தேன்.

"முகமெல்லாம் வீங்கிப்போச்சும்மா, பயந்து விட்டுட்டேன்" என்றார்.

மருந்து தோற்கவில்லை, அவர் சாப்பிடவே இல்லை. ஆராய்ச்சிக் கணக்கில் இந்த இரண்டும் கலந்துவிட்டால் முடிவே திரிந்துவிடும். அவருக்கோ தேவையில்லாமல் விலை கூடிய வேறு மருந்து எழுதப்படலாம். டாக்டரிடம் சொன்னேன், அவரே பேசி மறுநாள் ஓ.பி.க்கு வரச்சொன்னார்.

இப்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி மாற்றியிருக்கிறோம். பக்கவிளைவு, பணம், கர்ப்பம், மருந்து பலனளிக்கவில்லை, நோயாளியே நிறுத்தினார் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். 'தெரியவில்லை' என்பதும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயர் நேராக என் போன் பட்டியலுக்கு வந்துவிடும்.