பிளாக்பர்ன் பாட்டியின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது

கிடைத்தேவிட்டது! என் மாமியாரின் கொள்ளுப்பாட்டிதான் இந்தக் குடும்ப மரத்தில் இத்தனை காலமும் முட்டுச்சந்தாக இருந்தவர். 1850களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்களில் பிறந்த யாரையாவது தேடித் திணறிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர்களைப் பொதுவில் போட வேண்டாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டார். அதனால் அவரைப் பாட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாட்டி அந்த ஊர்களில் ஒன்றான பிளாக்பர்னில் விசைத்தறி நெசவாளி. 1881 முதல் 1911 வரை எல்லா சென்சஸிலும் கணவர், பிள்ளைகளோடு சிக்கலில்லாமல் கிடைக்கிறார். இதில் 1911 தாள்மேல் எனக்குத் தனிப் பிரியம். முந்தைய சென்சஸ்களில் நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்ட நகல். 1911இல் வீட்டுக்காரர் கைப்பட நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பாட்டியின் கணவர் எழுதியிருக்கிறார்: திருமணமாகி 31 ஆண்டு, பிறந்த குழந்தைகள் 9, உயிரோடு இருப்பவர்கள் 5. அந்த வரியைப் படித்த பிறகு இவரை விட மனசு வரவில்லை. ஆனால் 1881க்கு முன்னால் போனால் ஆளே இல்லை.

1879 திருமணப் பதிவில் வயது 21, அப்பா பெயர் இன்னது, தொழில் கல்தச்சர் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பெயரில், அந்தத் தொழிலில், அப்படி ஒரு மகளோடு பிளாக்பர்னிலோ சுற்றுவட்டாரத்திலோ எந்தக் குடும்பமும் இல்லை. 1861இலும் இல்லை, 1871இலும் இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் பக்கத்து ஊரில் ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொருவரை அப்பாவாக ஒட்டவைத்துவிடுகிறார்கள். இணையத்தில் பொதுவில் இருக்கும் குடும்ப மரங்களில் பாட்டிக்கும் அப்படி ஒரு அப்பா இருக்கிறார். ஆதாரம் எதுவும் கிடையாது.

இங்கிலாந்தின் திருமணப் பதிவில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. 1837இல் வந்த அந்தப் படிவத்தில் மணமக்களின் அப்பா பெயருக்கும் தொழிலுக்கும் கட்டம் உண்டு, அம்மாவுக்குக் கிடையாது. அம்மா பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான்! அப்பா யாரென்று பதிவில்லாத ஒரு பெண் பாதிரியார் முன்னால் நின்றால் என்ன செய்வாள்? கட்டத்தைக் காலியாக விடலாம், தாத்தா பெயரையோ அம்மாவின் பிற்காலக் கணவர் பெயரையோ சொல்லலாம், இல்லையென்றால் ஒரு பெயரைச் சொந்தமாகவே சொல்லலாம். வளர்த்த அம்மா பெயருக்கு மட்டும் இடமில்லை. திருமணப் பதிவில் உள்ள அப்பா பெயரை நான் எப்போதும் ஒரு தகவலாக மட்டும் குறித்துக்கொள்வேன், உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை.

வழி திறந்தது சாட்சிக் கையெழுத்தில். பாட்டியின் சாட்சிகளில் ஒருவருக்குப் பாட்டியின் குடும்பப் பெயரே இருந்தது. சரி, பாட்டியை விட்டுவிட்டு இவரைத் தேடுவோம் என்று 1871க்குப் போனேன். தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் 'பேத்தி' என்று ஒரு சிறுமி, ஆலையில் ஹாஃப் டைமர். பாதி நாள் ஆலை வேலை, பாதி நாள் பள்ளி. பேர் பாட்டியின் பேர்தான்! வயதைப் படிப்பதில்தான் பெரும்பாடு. அந்தக் கால எழுத்தர்கள் மொத்தம் கூட்டும்போது வயது, தொழில் கட்டங்களின் மேலேயே கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். ஒரு சந்தா தளத்தின் அட்டவணையில் அந்தக் கோட்டையும் சேர்த்துப் படித்து 72 என்று ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் வயதைக் கொடுத்துத் தேடிய எந்தத் தேடலிலும் அவர் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கி, அதே பக்கத்தில் அதே கை எழுதிய மற்ற 1களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 12தான், சந்தேகமே இல்லை.

அப்படியானால் 1879இல் வயது 20தான் இருக்க வேண்டும். 21 ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள் என்பதால் ஓர் ஆண்டைக் கூட்டிச் சொல்வது அங்கே சகஜம்.

தாத்தாவின் குடும்பப் பெயரே பேத்திக்கும் இருந்தால் இரண்டே வழி: அவள் மகன் வயிற்றுப் பேத்தி, அல்லது திருமணமாகாத மகளின் பிள்ளை. இதைத் தீர்த்துவைத்தது ஜி.ஆர்.ஓ. தளத்தின், அதாவது இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத் தளத்தின் அட்டவணை. பழைய பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் இருக்கும். 2016இல் வந்த புதிய அட்டவணையில் 1837 முதலே உண்டு. அந்தக் கட்டத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தால், பெரும்பாலும் திருமணமாகாத தாயின் குழந்தை, தாயின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். கோட்டையே தேடச் சொல்ல முடியாது. கட்டத்தைக் காலியாக விட்டு, 1858ஐ மையமாக வைத்து முன்னும் பின்னும் 2 ஆண்டு கொடுத்து, வரும் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிளாக்பர்ன் மாவட்டம், தொகுதி 8ஈ, 1859 மார்ச் காலாண்டில் (ஜனவரி முதல் மார்ச் வரை) பாட்டியின் பெயர், எதிரே கோடு. கூடவே இதுவரை எங்குமே பார்க்காத ஒரு நடுப்பெயர்!

3 பவுண்டு கட்டி டிஜிட்டல் படம் வாங்கினேன். காகிதச் சான்றிதழ் என்றால் 12.50 பவுண்டு, ஆராய்ச்சிக்குப் படமே போதும். பிறந்தது 1858 நவம்பர் கடைசி. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் அடுத்த காலாண்டில் விழுந்திருக்கிறது. அப்பா கட்டம் காலி. தகவல் தந்தவர் இடத்தில் தாயின் பெயர், பக்கத்தில் அவர் போட்ட பெருக்கல் குறி. முகவரி, 1861 சென்சஸில் தாத்தா இருக்கும் அதே தெரு. அங்கே தாய் திருமணமாகாத மகளாகவும், பாட்டி 2 வயதுப் பேத்தியாகவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்த ஆண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அந்தப் பஞ்சத்திலும் அந்த வீடு இந்தக் குழந்தையைக் கைவிடவில்லை. 1871இல் தாய்க்குத் திருமணமாகி நாலு தெரு தள்ளி வேறு பிள்ளைகளோடு இருக்கிறார். பாட்டி மட்டும் தாத்தா வீட்டிலேயே.

அப்பா கட்டம் காலியாக இருப்பதால் அவர் யாரென்று தெரியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் திருமணமாகாத தாய் பெயரைச் சொன்னாலும் பதிவாளர் எழுதக் கூடாது என்பதுதான் விதி. 1875இலிருந்துதான் தகப்பனும் கூட வந்து கையெழுத்திட்டால் சேர்க்கலாம் என்று ஆனது.

அதனால்தான் அந்த நடுப்பெயர் முக்கியம். அது பொதுவாக யாரும் குழந்தைக்கு வைக்கிற பெயரல்ல, ஒரு குடும்பப் பெயர். பதிவேட்டில் எழுத முடியாத தகப்பனை நடுப்பெயராக வைத்துவிடுவது அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது. திருமணப் பதிவில் பாட்டி சொன்ன அப்பாவின் முதற்பெயரோடு இந்த நடுப்பெயரைச் சேர்த்து 1861இல் தேடினேன். அதே வட்டாரத்தில் ஒருவர் இருக்கிறார், திருமணமானவர், கல்தச்சர்! ஆக, பாட்டி பாதிரியாரிடம் முதற்பெயரையும் தொழிலையும் உண்மையாகவே சொல்லியிருக்கிறார், குடும்பப் பெயரை மட்டும் தன்னுடையதாக மாற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன். இது இன்னும் ஊகம்தான். மரத்தில் ஏற்றவில்லை.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள். ஆன்செஸ்ட்ரி அல்லது ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளிச் சந்தா தளங்கள் பல நூலகங்களில் இலவசம். லங்காஷயருக்கு 'லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்' என்று, தேவாலயப் பதிவுகளைத் தேடித் தரும் தன்னார்வலர் தளம் இருக்கிறது, தங்கம். வேறு சில மாவட்டங்களைத் தேடும்போது இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்புறம், மாமனார் வழியில் ஒருவருக்கு 1881 சென்சஸில் பிறந்த இடம் 'மதராஸ், ஈஸ்ட் இண்டீஸ்' என்று இருக்கிறது. சென்னைக்காரியான எனக்கு அதைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையாக இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுவோருக்கான ஃபிபிஸ் சங்கத்தின் அட்டவணையில் இலவசமாகத் தேடலாம். ஞானஸ்நானம் நடந்தது 1680இல் கட்டிமுடித்த சென்னைக் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயமாக இருந்துவிட்டால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. கல்தச்சரை முடிக்காமல் அங்கே தாவக் கூடாது என்று கையைக் கட்டிவைத்திருக்கிறேன்.

கல்தச்சர் விஷயத்தில் அடுத்து பார்க்க வேண்டியது பெட்டி செஷன்ஸ் என்ற உள்ளூர்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தின் வழக்குகள். 1844 சட்டப்படி தாயே தகப்பன்மீது வழக்குப் போட்டு வாரம் 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை குழந்தைக்குப் பராமரிப்புப் பணம் வாங்கலாம். தீர்ப்புப் பதிவேடு பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இல்லையென்றால் 1859ஆம் ஆண்டு 'பிளாக்பர்ன் ஸ்டாண்டர்ட்' செய்தித்தாளின் நீதிமன்றச் செய்திகளை வாரம் வாரமாகப் புரட்ட வேண்டியதுதான். மாமியார் டிஎன்ஏ சோதனைக்கும் சம்மதித்துவிட்டார். கல்தச்சரின் மற்ற பிள்ளைகள் வழி வந்தவர்களோடு பொருத்தம் வந்தால் நல்லது. உறவு அவ்வளவு தூரம் போனபிறகு பொதுவான டிஎன்ஏ துளிகூட இல்லாமலும் போகலாம் என்பதால், முதலில் காகிதம்தான்.