பன்டம் எஞ்சினுக்கு பெயின்ற் அடிக்கலாமா?

அப்பப்பாவின் பிஎஸ்ஏ பன்டம் மோட்டார்சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிப்போட்டு இரண்டு கிழமையாகிறது, வருகிறவர்கள் எல்லாம் "முழுசா சில்வர் அடியுங்க தம்பி" என்கிறார்கள்.

எனக்கு உடன்பாடில்லை. கிராங்கேஸும் (எஞ்சினின் அடிக்கூடு) ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம், மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தாலே போதும். சில்வர் அடித்தால், கார்பரேட்டருக்குக் கீழே பெற்றோல் ஒழுகுகிற இடம் தோல் உரிந்தமாதிரி ஆகிவிடும் (முந்தி ஒருதரம் பட்டிருக்கிறேன்). சிலிண்டர் கதை வேறு. அது வார்ப்பிரும்பு, மட்டக்களப்புக் கல்லடியின் உப்புக்காற்றில் வெறுமனே விட்டால் ஒரு மாரிகூடத் தாங்காது. அதற்கு மட்டும் எண்ணெய்ப்பசை போகத் தின்னரால் துடைத்து, சூடு தாங்கும் கறுப்பு பெயின்ற், மெல்லிசாக இரண்டு தரம். தடிப்பாக அப்பினால் சூடு வெளியேறாது.

அந்த பெயின்ற் சூட்டில்தான் இறுகும், அதனால் முதல்தரம் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் புகையும். பக்கத்து வீட்டு மாமிக்கு இப்பவே சொல்லிவைத்துவிட்டேன்.