எழும்பூரில் நாளாகிரி

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. திருச்சியிலிருந்து வழியெல்லாம் கண் மூடவில்லை. அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். புரசைவாக்கத்தில் மாமா வீடு இருக்கிறது. போனால் ஆளுக்கொரு ஆறுதல் சொல்வார்கள், அதைக் கேட்கத் தெம்பில்லை. வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, வெளியே ஒரு காபி குடித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கென்னட் லேனுக்கு நடந்தேன்.

லாட்ஜும் டிராவல்ஸும் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில்தான் மகாபோதி சங்கத்தின் விகாரை. அநகாரிக தர்மபாலர் 1891-இல் கொழும்பில் தொடங்கிய சங்கம். இலங்கையிலிருந்து புத்தகயைக்குப் போகிறவர்கள் இங்கே தங்கிப் போவார்கள். அன்றைக்கும் வெள்ளை உடுத்திய நாலைந்து பாட்டிமார் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் போனை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

"என்னம்மா, ஊர்லேர்ந்து வர்றியா?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். எழுபது வயது தாண்டியிருக்கும். பெரம்பூர்க்காரர், தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பித்ததை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். "தெருவுல நடக்கவே பயந்த ஜனம்மா நாங்க. நிமிர்ந்து நட, நீ பூர்வ பௌத்தன்னு சொன்னாரு பாரு, அதுல வந்த தைரியம்." அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. யாரிடமும் சொல்லாத பயத்தை அவரிடம் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கதை சொன்னார். ஞானம் கிடைப்பதற்கு முன்னால் புத்தர் வேண்டுமென்றே பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி ராத்திரிகளில் ஜனங்கள் நடுங்குகிற காட்டுக் கோயில்களுக்குப் போய்த் தங்குவாராம். மான் ஒன்று வரும், மயில் ஒரு சுள்ளியைத் தட்டிவிடும், காற்றில் சருகு சலசலக்கும். இதோ வந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். "அப்ப அவரு என்னா செஞ்சாரு தெரியுமா? நடக்கும்போது பயம் வந்துச்சா, அது அடங்கற வரைக்கும் நடந்துக்கினே இருந்தாரு. நிக்கும்போது வந்துச்சா, நின்னாரு. உக்காந்திருந்தா உக்காந்தே இருந்தாரு. நாம பயம் வந்தா மொதல்ல எடத்த மாத்திடுவோம்." சாவத்தி நகரத்தில் ஜானுஸ்ஸோணி என்ற பிராமணரிடம் புத்தரே இதைச் சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது என்றார். பயமே இல்லாதவர் என்று நான் நினைத்திருந்தவருக்கும் நெஞ்சு பதறியிருக்கிறது. அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அங்கிருந்து பாந்தியன் சாலை மியூசியம் நடக்கிற தூரம்தான் (வெள்ளிக்கிழமை விடுமுறை, போகிறவர்கள் பார்த்துப் போங்கள்). 1851-இல் தொடங்கிய இடம். நாகப்பட்டினத்து வெண்கலப் புத்தர்களும் இங்கே இருக்கிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அமராவதிக் கூடம். கிருஷ்ணா நதிக்கரை ஸ்தூபியின் கற்கள். பளிங்கு என்று சொன்னாலும் வெளிறிய சுண்ணாம்புக்கல்தான். பல துண்டுகள் லண்டனுக்குப் போய்விட்டன. நாளாகிரி என்ற யானையின் கதையைச் செதுக்கிய கல் நல்லவேளை இங்கேயே இருக்கிறது.

வட்டமான கல். ஒரு பக்கம் யானை ஒன்று ஒரு ஆளைத் துதிக்கையால் வளைத்துத் தூக்கி வருகிறது. தெருவே சிதறுகிறது, ஒரு பெண் பயத்தில் பக்கத்திலிருப்பவனை ஒட்டிக்கொள்கிறாள். மறுபக்கம் ஒரு யானை மண்டியிட்டிருக்கிறது. எதிரே புத்தர், பின்னால் பிக்குகள். நான் வெகுநேரம் பார்ப்பதைக் கவனித்த காவலாளி கிட்டே வந்தார். "மேடம், அது ரெண்டு யானை இல்ல, ஒண்ணுதான். இங்க வெறி புடிச்சு வருது, அங்க அடங்கிப் படுத்துடுச்சு."

ராஜகிருக நகரத்தில், புத்தரைக் கொல்ல அவருடைய பகைவன் தேவதத்தன் ஏவிவிட்ட யானை அது. பிச்சைக்குப் போன தெருவில் எதிரே வந்தது. குறுக்கே போய் நின்ற சீடர் ஆனந்தரை, விலகு என்று மூன்று முறை சொன்னாராம் புத்தர். யானை வருகிற தெருவை விட்டு அவர் விலகவில்லை. அன்பை மட்டும் அதன்மேல் செலுத்தினார் என்கிறார்கள். யானை அவர் காலடி மண்ணைத் துதிக்கையால் எடுத்துத் தன் தலையில் தூவிக்கொண்டது. அந்தச் சிற்பி, ஓடுகிறவர்களை அவ்வளவு பரிவோடு செதுக்கியிருக்கிறான். அவர்களைப் பார்க்கையில்தான் என் கண் நிறைந்தது.

நாலு மணிக்கு லேபில் டோக்கன் வாங்கினேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ஏழாவது ஆளின்போது கை நடுங்க ஆரம்பித்தது. வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாமா என்று கால் திரும்பியது. திரும்பிய காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு வரிசையிலேயே நின்றேன். நடுக்கம் உடனே போகவில்லை. ஒன்பதாவது ஆளின்போது மூச்சு கொஞ்சம் சீரானது.

கவரை அங்கேயே பிரித்தேன். கட்டி கெட்டதுதான், ஆரம்பக் கட்டம், ஆபரேஷன் வேண்டும். அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ மத்தியானம் சாப்ட்டியாடி?" என்றாள்.

"இல்லம்மா."

"மொதல்ல போய்ச் சாப்டு. ராத்திரி வண்டிக்கு நேரத்தோட வந்துரு."