புளியமரத்துக்கு மேலே பத்தடி

மதுரை யானைமலைக்கு வடக்கே எங்கள் ஊர். கைப்பேசியில் சிக்னல் வேண்டுமென்றால் கண்மாய்க்கரை ஏற வேண்டும். கல்லூரி விண்ணப்பம் போடப் பிள்ளைகள் ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கிருந்து ஊருக்குக் கம்பியில்லா இணைய இணைப்பு இழுக்கலாம் என்றால் மலை குறுக்கே படுத்திருக்கிறது. அதனால் மலை முடிந்த பிறகு மேலூர்ச் சாலையில், ஃபைபர் இணையம் வந்திருந்த ஒரு கடையின் மாடியைக் கேட்டு வாங்கினோம். அங்கிருந்து, மறுமுனை ஆண்டெனாவை வைக்க நினைத்த எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி மூன்று கிலோமீட்டர். தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்திருந்தது. எங்களுக்குத் துணிவு தந்தது அதுதான்.

அனுமதியை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். ஆனால் இந்த வைஃபை ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைகூடப் பொது வைஃபை வழங்கலாம். உரிமமும் கட்டணமும் இல்லை, ஒருங்கிணைக்கும் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும். தொட்டிமேல் குழாய் நட ஊராட்சியில் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள்.

திணறியது அதற்குப் பிறகுதான். மாடியிலிருந்து தொட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சிக்னல் அளவு மைனஸ் 84-ஐத் தாண்டி ஏறவில்லை (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). இரண்டு நாள் ஆண்டெனாவை நூலிழை நூலிழையாகத் திருப்பினேன். தொட்டியில் மோட்டார் போடும் அண்ணன் அருகில் நின்று அந்த சிக்னல் அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். "காற்றடித்தால் இறங்குகிறது தம்பி. அந்தப் புளியமரத்தைப் பாருங்கள்" என்றார்.

அவர் சொன்னதே சரி. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் வெள்ளரிக்காய்போல் பருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு நடுவில் அதன் ஆரம் ஆறு மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே மரத்தின் உச்சி நின்றது. நிழல் தரும் மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். இரு முனையிலும் குழாயைப் பத்தடி உயர்த்தி, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டினோம். மைனஸ் 61.

ஐப்பசி இடிக்கு முன்பே, கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த் குழி தோண்டிவிட்டோம். தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இப்போது மின்சாரம் போனாலும் பேட்டரியில் இணைப்பு நிற்கிறது. இருட்டில் டீக்கடைத் திண்ணையில் நாலைந்து முகங்கள் கைப்பேசி வெளிச்சத்தில் தெரிகின்றன.